எனக்குகந்த கபாப்

உணவைப் பற்றி எழுதுவது இலக்கியப் பக்கத்துக்கு இழுக்கென்று கருதுவோர் உளர். அவர்கள் என்னைப் பொறுத்தருள்வார்களாக. சென்ற ஆண்டு லக்னோ நகரில் நான்கு நாள்கள் தங்க நேர்ந்தது. எனக்கு மிக உகந்த கபாப் எதுவென்று கண்டறிந்தே ஊர் திரும்புவதென உறுதி பூண்டேன்.

முதல் நாள் டிக்கா. மசாலையில் ஊறிய இறைச்சித் துண்டுகளைத் தணலில் வாட்டித் தந்தார்கள். உறுதியான பல் உள்ளவர்க்கு உயர்ந்த உணவு. இரண்டாம் நாள் ஷாமி. இறைச்சியைக் கடலைப்பருப்புடன் அவித்தரைத்து வடைபோல் தட்டிப் பொரித்திருந்தார்கள். பருப்பின் மணம் நமக்குப் பழகியதாதலால், அயலூரிலே உறவினரைக் கண்டாற்போல மகிழ்ந்தேன். மூன்றாம் நாள், அருகிலுள்ள சிற்றூரின் பெயரைத் தாங்கிய காக்கோரி. கம்பியில் வெந்த அது தொட்டாலே உதிர்ந்துவிடும் மென்மையது. தேடல் முடிந்தது என்றே எண்ணினேன்.

நான்காம் நாள் மாலை சௌக் கடைத்தெருவுக்குச் சென்றேன். 1905ஆம் ஆண்டு தொடங்கிய துண்டே கபாபி என்னும் கடை அங்குள்ளது. கையிழந்தவர் என்னும் பொருள்படும் அப்பெயர், ஒரு கையாலேயே சமைத்துப் புகழீட்டிய ஹாஜி முராத் அலியைக் குறிப்பது. பப்பாசிக்காய் சேர்த்துப் பதப்படுத்திய எருமையிறைச்சியை நெய்யிலே சுட்டெடுப்பது கலாவட்டி கபாப். பல் விழுந்த நவாப் ஒருவருக்காக ஆக்கப்பட்டதென்பது கர்ணபரம்பரைக் கதை. நாவில் வைத்தேன், மெல்லுமுன் கரைந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, எதிரே மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவர் அதையே ரொட்டியுடன் உண்டுகொண்டிருந்தார். நவாபின் உணவு அவருடைய இராப்போசனமாயிருந்தது!

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம், உத்தரப் பிரதேச அரசு அனுமதிப்பத்திரமற்ற கொல்களங்களை மூடத் தொடங்கிற்று. எருமையிறைச்சி கிடையாமல், நூறாண்டு கண்ட அக்கடையும் அடைபட்டது. பின்னர் ஆட்டிறைச்சியும் கோழியும் கொண்டு திறந்தார்கள். வசதியுள்ளவருக்கு அதனால் நட்டமில்லை. ஆட்டிறைச்சிக்கு விலை கொடுக்கவியலாத தொழிலாளி எங்கே போவார்?

சுவைக்கும் விலைக்கும் என்ன தொடர்பென்று கேட்பீர்கள். அரண்மனைகள் ஓய்ந்தபின் அந்தச் சமையலைக் காத்தவர்கள், கடைத்தெருவில் நாள்தோறும் சில்லறைக் காசு கொடுத்து உண்டவர்களே. அவர்கள் விலகிவிட்டால் கபாப் வெறும் காட்சிப்பொருளாகிவிடும். ஆதலின் கலாவட்டியே எனக்குகந்தது. அதுவும், அந்தத் தொழிலாளியும் நானும் ஒரே வாங்கில் அமர்ந்து உண்ணக்கூடிய விலையில் விற்கப்படும் வரைக்குமே.