மடக்குக் கத்தியும் ‘தலைகீழ்’ கையும்

இந்தியில் வலக்கைக்கு ‘சீதா ஹாத்’, அதாவது நேரான கை. இடக்கைக்கு ‘உல்டா ஹாத்’, தலைகீழான கை. தமிழ் இதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. சோற்றுக்கைக்கு எதிராகப் பீச்சாங்கை என்று பெயரிட்டு வைத்திருக்கும் மொழி இது. சொல்லளவில் நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தோட்டக்கலைச் செய்முறை வகுப்பில், ஒட்டுக்கட்டும் மடக்குக் கத்தியை இடக்கை மாணவரிடம் நீட்டும்போது அந்த மனப்பான்மை விரலையும் பதம் பார்க்கிறது.

லக்னோவை அடுத்த மலிஹாபாத், ஒரே மரத்தில் 300-க்கும் மேற்பட்ட மா வகைகளை ஒட்டி 2008-இல் பத்மஸ்ரீ பெற்ற கலீமுல்லா கானின் ஊர். அப்பகுதியின் தசேரி மாவைக் கொட்டையிலிருந்து வளர்த்தால் தாய்மரத்தின் குணம் அப்படியே வரும் என்ற உறுதி கிடையாது, ஒட்டுக்கன்றே வழி. ஆகவே ஒட்டுக்குச்சியைச் சீவுவது தோட்டக்கலை மாணவருக்கு அரிச்சுவடி போன்றது. வெட்டு ஒரே இழுப்பில், சமதளமாக விழவேண்டும். குச்சியின் கேம்பியமும் வேர்ச்செடியின் கேம்பியமும் இடைவெளியின்றித் தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும்.

இதற்காகவே ஒட்டுக்கத்தியின் அலகு பெரும்பாலும் ஒருபக்கம் மட்டும் சாணை பிடிக்கப்பட்டிருக்கும், மறுபக்கம் தட்டை. வலக்கையில் பிடித்து இழுக்கும்போது தட்டையான பக்கம் குச்சியின்மேல் படிந்து செல்கிறது. அதே கத்தி இடக்கைக்கு மாறினால் பக்கங்களும் மாறிவிடுகின்றன. சாய்வான பக்கம் குச்சியை உரச, அலகு மரத்தைவிட்டு மேலேறப் பார்க்கிறது. மாணவர் கத்தியைச் சாய்த்து, கூடுதல் விசை கொடுத்து இழுக்கிறார். வெட்டு குழிந்து விழுகிறது. இல்லையேல் கத்தி சறுக்குகிறது. சறுக்கும் கத்திக்கு மிக அருகில் இருப்பவை குச்சியைப் பிடித்திருக்கும் வலக்கை விரல்கள்.

உண்மையில் தொல்லை கத்தியைத் திறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அலகை வெளியே இழுப்பதற்கான நகப்பள்ளம் பொதுவாக வலக்கைப் பெருவிரலுக்கு வாகான பக்கத்தில் இருக்கும். இடக்கையாளர் அலகை இரு விரல்களால் கிள்ளி இழுக்கிறார். பல ஒட்டுக்கத்திகளுக்குப் பூட்டும் இல்லை. பிடியின் முதுகிலுள்ள வில் மட்டுமே அலகை நிறுத்திவைக்கிறது. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அது விரல்மேல் மடங்கும். தாவர மாதிரி சேகரிக்கும் களப்பணிக்கு வாங்கும் பூட்டுக் கத்திகளிலும் கவனம் வேண்டும். பிடிக்குள் பக்கவாட்டில் நகரும் தகட்டால் பூட்டும் வகை வழக்கமாக வலக்கைப் பெருவிரலை எண்ணியே அமைக்கப்படுகிறது. இடக்கையாளர் அதைச் சுட்டுவிரலால் விலக்கும்போது அவ்விரல் அலகு மடங்கும் பாதையிலேயே நிற்கிறது. முதுகுப்புறம் அழுத்தி விடுவிக்கும் பூட்டும், பிடியின் கழுத்தில் வளையத்தைத் திருப்பும் பூட்டும் இரு கைக்கும் ஏறக்குறைய ஒன்றே.

இவ்வளவும் கத்தியின் அமைப்பு. வகுப்பறையிலோ ‘கை வரவில்லை’ என்று மாணவர்மீது தீர்ப்பு எழுதப்படுகிறது. குழிந்த வெட்டுக்கு மதிப்பெண் குறைகிறது. அதைவிட மோசம், ‘வலக்கையால் முயன்று பாரேன்’ என்ற அறிவுரை. எழுதுகோலைக் கை மாற்றுவது எழுத்தைக் கெடுக்கும். பழக்கமில்லாத கையில் சவரக்கத்திக் கூர்மையுள்ள அலகைக் கொடுப்பது வேறு வகைக் காரியம். உலக மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் இடக்கையாளர்கள். நாற்பது பேர் வகுப்பில் மூவரோ நால்வரோ இருக்கக்கூடும். கேட்டால்தான் கையைத் தூக்குவார்கள்.

செய்யவேண்டியது பெரிதொன்றுமில்லை. மறுபக்கம் சாணை பிடித்த இடக்கை ஒட்டுக்கத்திகளை ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சிலர் விற்கின்றனர். அது கிடைக்கும்வரை இருபுறமும் சாணை பிடித்த கத்தி உதவும். வெட்டின் சமதளம் சற்றுக் குறையலாம், விரல் தப்பும். வெட்டுத் தாங்கும் கையுறை, குச்சியைப் பிடிக்கும் கைக்கு உரியது. இடக்கையாளருக்கு அது வலக்கை உறை என்பதைக் கொள்முதல் செய்பவர் மறந்துவிடக் கூடாது. மேசையின் இடக்கோடியில் இடம் கொடுத்தால் பக்கத்தவரின் முழங்கை இடிக்காது. அலகை மடக்கும்போது அதன் முதுகை உள்ளங்கையால் தள்ளி, விரல்களைப் பிடியின் திறப்பிலிருந்து விலக்கி வைக்கக் கற்றுத்தர வேண்டும்.

இன்னொன்றுக்குச் செலவே இல்லை. செய்து காட்டும் ஆசிரியரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது வலக்கை மாணவருக்கு ஏற்றது. இடக்கை மாணவரை ஆசிரியருக்கு எதிரே, முகம் பார்த்து நிற்கவைத்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒவ்வோர் அசைவும் அவருடைய கைக்கு உரியதாகவே தெரியும்.