அடுப்புப் புகையும் ஆலைப் புகையும்

சென்ற மாதம் விருதுநகரில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பிள்ளை கம்ப்யூட்டரில் சினிமாவுக்கு நெருப்பும் புகையும் செய்கிறவன். பட்டாசுத் தொழிலாளருக்குப் பாதுகாப்புப் பாடம் சொல்லும் ஒரு குறும்படத்துக்காக, மருந்துக் கலவை அறை ஒன்று தீப்பற்றுவதைத் தயாரித்துக் கொண்டிருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பட்டாசு ஆலையில் இருபது வருஷம் திரி முறுக்கிய அவன் பாட்டி, எட்டிப் பார்த்து, "இது அடுப்புப் புகையில்லப்பா?" என்று கேட்டுவிட்டாள்!

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'நயம் போதவில்லை' என்று நினைத்து அதைக் கூட்டினான். நயம் என்றால் என்ன தெரியுமோ? உங்கள் வீட்டுச் சிவகாசிக் காலண்டரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்; முருகன் முகம் புள்ளி புள்ளியாய்த் தெரியும். புள்ளி சிறுத்தால் படம் நயம். புகைக்கும் அப்படியே. ஒரு பெட்டியைக் கற்பனை செய்து, பக்கத்துக்கு 32 ஆகக் கட்டம் கட்டினால், உள்ளே 32,768 குட்டி அறைகள். ஒவ்வொன்றிலும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், எவ்வளவு சூடு என்று யந்திரம் கணக்குப் போடுகிறது. 32-ஐ 64 ஆக்கினால் அறைகள் இரட்டிப்பதில்லை. எட்டு மடங்காகி 2,62,144! அறை சிறுத்ததால் புகை அதைத் தாண்டும் நேரமும் பாதியாகிறது. கணக்கையும் இரு மடங்கு தடவை போட வேண்டும். ஆக வேலை 16 மடங்கு. பட்ஜெட் போடும் இல்லத்தரசிகள் மயக்கம் போடும் விகிதம்!

இரண்டு இரவு யந்திரம் ஓடிற்று. பாட்டி பார்த்தாள். "இப்போ நைஸா அரைச்ச அடுப்புப் புகை" என்றாள்.

குற்றம் நயத்தில் இல்லை, அளவில். பெட்டியை இரண்டு மீட்டர் என்றே விட்டிருந்தான் பையன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கரண்டி விழ அரை விநாடிகூட ஆகாது. பத்து மீட்டர் தென்னையிலிருந்து காய் விழ ஏறக்குறைய ஒன்றரை விநாடி. உயரம் பத்து மடங்கு, நேரமோ மூன்று மடங்குதான். புகையும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டது: சின்னப் புகை துள்ளும், பெரும் புகை சோம்பலாய்ப் புரளும்.

"தூரத்துல பார்த்தா பெரிய புகை மெள்ளத்தான் போகும். அதை நம்பித்தான் கிட்டக்கப் போயிருவாக" என்றாள் பாட்டி.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு.

இந்தக் கட்டக் கணக்கு சினிமாவோடு நிற்பதல்ல. அமெரிக்க அரசின் அளவை நிறுவனம் ஒன்று 2000-ல் வெளியிட்ட கணினிக் கருவியை வைத்து, கட்டடத்தில் புகை பரவுவதைப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஜனங்கள் வெளியேற எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்பதற்கு அது ஆதாரம். அங்கே கட்டம் பெரிதாகிப் போனால் கெடுவது படம் அல்ல, நிமிஷம்!

பையன் இரண்டை இருபதாக்கினான். மறுநாள் காலை, பாட்டி காப்பி டம்ளரும் கையுமாய் வந்து நின்றாள். திரையில் கறுத்த புகை மெல்ல, மெல்ல எழும்பிற்று. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போதும்ப்பா, அணைச்சிரு" என்றாள்.