கல் மண்டபமா? பள்ளிக்கூட நர்சா?

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஓரிக்கையில் காலஞ்சென்ற சங்கராச்சாரியார் ஒருவருக்குக் கருங்கல்லில் மணிமண்டபம் எழுப்பி, 2011ல் கும்பாபிஷேகமும் நடத்திவிட்டார்கள். அதே ஓரிக்கையில் தறிக்குழியில் காலை விட்டுப் பட்டு நெய்கின்றவன் மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தால், நாடி பிடித்துப் பார்க்க அங்கே ஒரு நர்சு உண்டா என்று கேட்கின்றோம்.

விழுந்த பெண்ணுக்கு நம் ஜனங்கள் செய்யும் வைத்தியம் என்ன? காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடிப்பது, தாயத்துக் கட்டுவது, மாதவிடாய் என்றால் தீட்டென்று மூலையில் உட்கார வைப்பது, அதற்கும் மிஞ்சினால் "கலியாணம் செய்தால் சரியாய்ப் போகும்" என்று 18 வயதுக்கு முன்பே தாலி கட்டிவிடுவது. உண்மை என்ன? 2019-21ல் எடுத்த தேசீயக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை. ரத்தம் இல்லாததற்குப் பேய் என்ன செய்யும்? மந்திரவாதிதான் என்ன செய்வான்? பையன் புகையிலைக்கும் கஞ்சாவுக்கும் அடிமையானாலோ அதற்குப் பெயர் தலையெழுத்து!

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2013 முதல் டாக்டரும் நர்சும் மருந்தாளரும் சேர்ந்த குழு பள்ளிகளுக்கு வருஷம் ஒரு தடவை போகவேண்டுமென்று திட்டம் இருக்கிறது. 2014ல் இளம் பருவத்தாருக்கென்றே தனித் திட்டமும் வந்தது. வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரையும் உண்டு. ஆனால் நோயும் பயமும் பஞ்சாங்கம் பார்த்து, குழு வருகின்ற நாளிலா வரும்? ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அன்றாடக் கூலியை விட்டுவிட்டு யார் அழைத்துப் போவது? போனாளா, மருந்து சாப்பிட்டாளா என்று யார் பார்ப்பது? வாத்தியாருக்குப் பாடம் இருக்கிறது. டாக்டருக்கோ வாசலுக்கு வந்தவர்தான் நோயாளி. இரண்டுக்கும் நடுவில் விழுகின்றது நம் பிள்ளை.

நியூயார்க்கில் கண்நோய், படை, பேன் என்று பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தார்கள். சேரிகளில் வீடுவீடாய்ச் சென்று வைத்தியம் செய்துவந்த லில்லியன் வால்ட் அம்மையார், 1902ல் லீனா ராஜர்ஸ் என்னும் தம் நர்சை 4 பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியில் மருந்து போட்டார். வீட்டுக்குப் போய்த் தாய்க்கும் சொல்லிக் கொடுத்தார். அதைப் பார்த்து நகரம் மேலும் நர்சுகளை நியமித்தது. ஒரே வருஷத்தில், விரட்டப்பட்ட பிள்ளைகளின் தொகை பத்தில் ஒன்றாய்க் குறைந்தது. இது எந்த யாகத்தின் பலன்?

நாம் கேட்பதும் இதுதான். இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒரு நர்சு வேண்டும். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டுப்பட்டவராய், பள்ளியில் ஒரு காலும் வீதியில் ஒரு காலுமாய் இருக்கவேண்டும். பெண்ணோ பையனோ வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவதைத் தனியே கேட்டு, வெளியில் பரப்பாது, உரிய டாக்டரிடம் சேர்த்து, குணமாகும் வரை தொடர்ந்து பார்க்கவேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். கல்லுக்குக் கும்பாபிஷேகம் செய்தபோது இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்?

தோழர்களே! தாய்மார்களே! மந்திரவாதிக்குக் கொடுக்கும் காசை இன்றே நிறுத்துங்கள். நாளை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகின்றவனிடம், "எங்கள் பள்ளிக்கு நர்சு எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள்.