எல்லாமே ஒத்திவைப்பு அல்ல

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். அவர்களை அதிகம் குழப்பும் ஆங்கில வினைச்சொல் 'புரோரோக்'. சட்டமன்றம், நாடாளுமன்றம் பற்றிய பேச்சைத் தவிர வேறெங்கும் காதில் விழாத சொல். அதையும் 'ஒத்திவைப்பு' என்றே செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

பேரவைத் தலைவர் 'நாளை காலை 10 மணிக்கு அவை மீண்டும் கூடும்' என்று சொல்லி எழுந்தால் அது ஒத்திவைப்பு. தேதி குறிப்பிடாமல் எழுந்தாலும் ஒத்திவைப்புதான். தொடர் முடியவில்லை, அவரே மறுபடி அவையைக் கூட்டலாம். புரோரோக் அப்படியல்ல. அரசியலமைப்பின் 174-வது பிரிவின்படி, அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்டு ஆளுநர் அந்தத் தொடரையே முடித்துவைப்பது அது. நிலுவையில் உள்ள மசோதாக்கள் அதனால் காலாவதியாவதில்லை. ஆனால் அடுத்து அவை கூட ஆளுநரின் அழைப்பு வேண்டும்.

இதெல்லாம் ஏட்டு நுணுக்கம் என்று ஒதுக்குபவர்கள் பஞ்சாபைப் பார்க்கட்டும். 2023 மார்ச்சில் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த அவையை, ஜூன் 19, 20 தேதிகளில் பேரவைத் தலைவர் மீண்டும் கூட்டினார், மசோதாக்கள் நிறைவேறின. அந்தக் கூட்டமே செல்லுமா என்று கேட்டு, ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஒப்புதல் தராமல் இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தொடர் முடித்துவைக்கப்படவில்லை, எனவே தலைவர் கூட்டியது செல்லும் என்று நவம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை இயற்றிய மசோதாக்களின் கதி, இந்த ஒரு வினைச்சொல்லில் தொங்கியது.

தொடரை முடித்துவைப்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை வெளிநாடுகளிலும் பார்த்தோம். இலங்கையில் 2018 அக்டோபர் 26-இல் பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கிய அதிபர் சிறிசேன, மறுநாளே நாடாளுமன்றத் தொடரை முடித்துவைத்தார். பெரும்பான்மை யாருக்கு என்று உறுப்பினர்கள் உடனே வாக்களித்துக் காட்ட இடமே இல்லாமல் போனது. பிரிட்டனில் 2019-இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஐந்து வாரத்துக்கு இதையே செய்யப் பார்த்தார். அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. 'கூட்டத்தொடர் முடித்துவைப்பு' என்றால் யாருக்கும் புரியும். கூடவே, அதைச் செய்தது பேரவைத் தலைவரா ஆளுநரா என்பதையும் செய்தியின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஏனென்றால், தொடர் நடப்பில் இருக்கும்வரை ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது, முடித்துவைத்தபின் முடியும். வாசகருக்கு அது தெரிந்தாக வேண்டும்.