மாத்திரை ஏழு நாள்! கூலி எத்தனை நாள்?

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர். பழம்பெருமை பேச வாய் உண்டு நமக்கு. பாத்தியிலே நிற்பவனின் பாதத்தைப் பார்க்கக் கண் உண்டா?

பாருங்கள், தோழர்களே! உப்புக்கல் கிழித்த சிறு காயம். உப்புநீரில் ஊறி ஊறிச் சீழ்பிடித்து, எலுமிச்சம்பழமாய் வீங்குகிறது. மருத்துவர் கீறிச் சீழை வடிக்கிறார். ஏழு நாளைக்கு மாத்திரை தருகிறார். "காலை நனைக்காதே" என்கிறார். மூன்றாம் நாள் தொழிலாளி எங்கே? பாத்தியிலே! மிச்ச மாத்திரை எங்கே? சட்டைப்பையிலே!

கட்டிக்கு முதல் வைத்தியம் கத்திதான். சீழ் தேங்கிய இடத்தில் மாத்திரையின் வீரம் செல்லாது. வடித்துவிட்ட பின் ஆன்டிபயாட்டிக் எதற்கு என்று மருத்துவர்களே நெடுங்காலம் வழக்காடினர். அமெரிக்காவில் 1,200 பேருக்குமேல் சேர்த்து நடத்தி, 2016-ல் வெளியிட்ட ஆய்வு விடை சொன்னது. கட்டியை வடித்தபின் ஏழு நாள் கோ-டிரைமாக்சசோல் பெற்றோரில் நூற்றுக்குச் சுமார் 80 பேர் குணமடைந்தனர். மருந்தில்லா வெறும் மாத்திரை பெற்றோரில் சுமார் 74 பேர். சிறு கட்டிகளைப் பற்றிய 2017-ஆம் ஆண்டு ஆய்விலே இடைவெளி இன்னும் அகலம்: 80-க்கு மேல் ஒருபுறம், 69 மறுபுறம். கத்தி மட்டுமே பலரைக் காக்கிறது, மறுக்கவில்லை. காக்காமல் விட்டவர்களிலே உன் அண்ணன் இருந்தால்? அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால்? காய்ச்சல், பரவும் சிவப்பு, சர்க்கரை — இவை இருந்தால் மாத்திரையைத் தள்ளிப்போட இடமே இல்லை.

அதற்காக மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள்! அட்டையில் சிவப்புக்கோடு இருக்கிறதே, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதன் அடையாளம் அது. பென்சிலின் கண்ட பிளெமிங் 1945-லேயே எச்சரித்தார்: போதாத அளவு மருந்து, கிருமிக்கு எதிர்ப்புப் பயிற்சி! சட்டைப்பை மிச்சத்தைப் பக்கத்து வீட்டாருக்குத் தருவதும் அதே பயிற்சிக்கூடம்தான்.

இவ்வளவும் சொல்லி, "ஏனப்பா முழுதாகச் சாப்பிடவில்லை?" என்று தொழிலாளியைக் கடிந்துகொள்வது எளிது. நாட்கூலிக்காரனிடம் "காலை நனைக்காதே" என்றால், "அடுப்பை அணைத்துவிடு" என்றல்லவா அவன் காதில் விழுகிறது! புண்ணோடு அவனை உப்புநீரில் இறக்கியது அறியாமையா? இல்லை, அரிசிப்பானை.

ஆகவே சங்கத் தோழர்களே, அடுத்த கூலிப் பேச்சில் முதல் வரியாக எழுதுங்கள்: கட்டி கீறியவருக்கு, புண் ஆறியதென மருத்துவர் சொல்லும்வரை கூலியோடு ஓய்வு. இரண்டாம் வரி, ரப்பர் காலணி, முதலாளி செலவில்.