மூன்றாம் நாள் ஒரு போன்

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சீரமைப்புக்கு இலவசப் பிரிவு திறக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சை நம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். உயிர்காக்கும் சிகிச்சைக்கும் தொற்றுநோய்த் தடுப்புக்கும் போக வேண்டிய பணம் இது என்றார்கள் எதிர்த்தவர்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை செய்தி போயிற்று. ஆனால் அறுவை முடிந்து வீடு திரும்புகிறவளின் அடுத்த ஆறு வாரங்களைப் பற்றி, நான் படித்த வரையில், இரு தரப்பிலும் யாரும் வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அதே ஸ்டான்லியின் பிளாஸ்டிக் சர்ஜரி துறைதான் கை மறுவாழ்வுக்குப் பெயர் பெற்றது. துறையின் பெயர்ப் பலகையிலேயே மறுவாழ்வு இருக்கிறது. தசைநாரைத் தைத்துவிட்டு, பயிற்சி சொல்லாமல் ஒரு கை நோயாளியை நம்மில் யாராவது வீட்டுக்கு அனுப்புவோமா? மார்பக நோயாளியை மட்டும் கம்ப்ரஷன் பிராவும் ஆன்டிபயாடிக் சீட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கத்துத் தனியார் கிளினிக்குகளில் இதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு: ரகசியம். அறுவை முடிந்த மறுநாளே வீடு. மாமியாருக்கும் எதிர் ஃப்ளாட்டுக்கும், “சின்னதா ஒரு கட்டி, எடுத்துட்டாங்க” என்று சொல்லியாகிவிட்டது. மார்பில் கட்டி என்றால் இந்த ஊரில் அடுத்து வரும் சொல் அடையாறுதான்; 1954 முதல் இருக்கும் புற்றுநோய் நிறுவனம் அப்படி ஒரு பொருளை அந்தப் பேட்டைக்கே தந்துவிட்டது. சாத்துக்குடியோடு பார்க்க வருகிற சித்தி, “டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சா?” என்று கேட்கிறாள். வலியைக் காட்டினால் பயப்படுவாள், காட்டாவிட்டால் சந்தேகப்படுவாள். நிஜமாகவே கட்டி வந்தவர்களை நினைத்து வேறொரு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. உண்மை தெரிந்த கணவனோ அம்மாவோ சொல்வது இன்னும் மோசம்: “நீயா ஆசைப்பட்டுப் பண்ணிக்கிட்டதுதானே?” அதோடு அவள் வாய் அடைத்துப்போகிறது. ஆண் மார்பகத்தைக் குறைத்துக்கொண்ட இளைஞனுக்கு இந்த அளவு பேச்சுத்துணைகூட இல்லை.

மனம் தாழ்வது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். மயக்க மருந்தின் அசதி, வாந்தியைத் தடுக்கக் கொடுத்த டெக்சாமெத்தசோனால் கெட்ட தூக்கம், மல்லாந்தே படுக்க வேண்டிய கட்டாயம், தலைபின்னக்கூட இன்னொருவர் கை தேவைப்படும் நிலை எல்லாம் ஒன்றாக வந்து விழும் நேரம் அது. அப்போதுதான் கட்டு மாற்றும்போது கண்ணாடியும் பார்க்கிறாள். வீங்கிய, கன்றிப்போன, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாத மார்பு. இம்ப்ளான்ட் வைத்தவளுக்கு அது மேலே தூக்கி நிற்கிறது; குறைத்துக்கொண்டவளுக்குக் காம்பில் உணர்வில்லை. வடிவம் அமைய மூன்று முதல் ஆறு மாதம், தழும்பு வெளுக்க ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று நாம் சொல்லியிருப்போம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் சொன்னது எவருக்கு மனத்தில் நிற்கும்?

பழைய பிளவுஸ் எதுவும் சேராது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொங்கல் கழித்து முகூர்த்தம் என்று கார்த்திகையில் அறுவைக்கு வருகிறவர்கள், வீக்கம் வடியுமுன்பே பாண்டி பஜாரில் அளவு கொடுத்துவிட்டு, தைத்து வந்தது பொருந்தவில்லை என்று நம்மிடம் வந்து அழுகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். தேதி நெருக்கமாக இருந்தால் அறுவையைத் தள்ளிவையுங்கள்.

மருந்து விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கு எஸிடலோப்ராம் எடுப்பதைப் பலர் மறைக்கிறார்கள், முக்கியமாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. சிலர் அறுவைக்காகத் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்தினால் வரும் படபடப்பும் அழுகையும் மூன்றாம் நாள் தாழ்வோடு கலந்துவிடும். நிறுத்தாதவருக்கு நாம் கைப்பழக்கமாக வலிக்கு டிரமடால் எழுதுகிறோம். இரண்டும் சேர்ந்தால் செரோடோனின் மிகைப்பு வரக்கூடும். நோயாளியைத் தனியாக வைத்து ஐந்து நிமிடம் பேசினால் இரண்டையும் தவிர்த்துவிடலாம்.

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பெரிய காரணமும் இருக்கிறது. அழகுக்காக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட 3521 ஸ்வீடன் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஐந்து தற்கொலைகள் எதிர்பார்க்கத்தக்க இடத்தில் பதினைந்து நடந்திருந்தன. இம்ப்ளான்டைக் குற்றவாளியாக்க இது போதாது. டென்மார்க் ஆய்வில் இத்தகைய பெண்களிடையே அறுவைக்கு முன்பே மனநலச் சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அதிகம் இருந்தது தெரிந்தது. ஏற்கெனவே துன்பத்தில் இருக்கும் சிலர் அதற்குத் தீர்வாகக் கத்தியைத் தேடி நம்மிடம் வருகிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அவர்களை அடையாளம் காணும் இடம் நம் புறநோயாளி அறை. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையை நாள் முழுக்கக் கண்ணாடியில் தேடுகிறவருக்கு அறுவைக்கு முன் மனநல மருத்துவரின் கருத்து வேண்டும். “பக்கத்து கிளினிக்கில் செய்துகொள்வேன்” என்று மிரட்டினாலும் வேண்டும். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தோள்வலியும் பிரா பட்டைத் தழும்புமாக வந்து மார்பைக் குறைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் மிகவும் நிறைவோடு இருக்கிறார்கள்.

அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித்துறை இயங்குகிறது. அழகுச் சிகிச்சை கிளினிக்குகளிடம் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அறுவைக்கு முன்பு, “வீட்டில் யாருக்கு இது தெரியும்?” என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஒருவருக்கும் தெரியாதென்றால், ஒருவரையாவது அழைத்து வரும்வரை தேதி கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் உங்கள் நர்ஸ் ஒரு போன் செய்யட்டும். டிரெயின் எவ்வளவு வடிந்தது என்று கேட்பதற்கு முன்னால் தூக்கம் வந்ததா என்று கேட்கட்டும். இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு விடாவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் தாளின் அடியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416ஐயும், 1986 முதல் இயங்கும், ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’வின் எண்ணையும் தமிழில் அச்சிடுங்கள். அடுத்த கட்டுத் தாள்களை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.