விதியின் தலையில்

"எல்லாம் தலையெழுத்து, ஸார்!" என்றார் என் நண்பர். படித்த மனிதர், என் கதைகளையும் பொறுமையாகப் படிப்பவர். பிரேஸில் தேசத்துச் சாப்பெக்கோ நகரின் கால்பந்துக் கோஷ்டி, 2016ஆம் வருஷம் நவம்பர் 28ந் தேதி இரவு விமானத்தோடு மலையில் விழுந்து மாண்ட விஷயத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே அவர் தீர்ப்பு வழங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன கோபம் என்று கேட்பீர்கள். விதி என்பது எங்கள் தொழிலில் ஒரு கள்ளச்சாவி. தொடர்கதையில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும்போது, ரயிலைக் கவிழ்த்துவிடுவோம். நானும் கவிழ்த்திருக்கிறேன். வாசகர்கள் அழுது அழுது கடிதம் எழுதினார்கள். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் எங்கே போனான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கதையில் அது சோம்பேறித்தனம். போகட்டும். 71 பிணங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு அதே சாவியைத் திருப்புவது அயோக்கியத்தனம்.

அந்த ஊரைச் சற்றுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸாண்ட்டா கட்டரீனா மாகாணத்தின் மேற்குக் கோடி. கோழி இறைச்சியும் பன்றி இறைச்சியும் பதனிடும் தொழிற்சாலைகள்தாம் ஊருக்குச் சோறு போடுகின்றன. இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்களின் பேரர்கள் பெருவாரியாகக் குடியேறிய பூமி. அதற்கு முன் அங்கிருந்தவர்கள் கைங்காங் என்ற ஆதிக்குடிகள். அவர்களுடைய தலைவன் கோண்டாவின் பெயரைத்தான் ஊர் மைதானத்துக்கு வைத்திருக்கிறார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரைத் திருப்பிக் கொடுப்பது உலக வழக்கம் போலும்!

1973இல் உள்ளூர்ச் சங்கங்கள் இரண்டு ஒன்றுசேர்ந்து சாப்பெக்கோயென்ஸே என்ற கிளப் பிறந்தது. 1977இல் மாகாணக் கோப்பை. பிறகு வெகுகாலம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2009இல் தேசத்தின் நாலாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த கோஷ்டி, 2014இல் முதல் பிரிவில் ரியோ, ஸா பாவ்லோ நகரத்துப் பிரபலங்களோடு மோதியது. கடன் வாங்கி நட்சத்திரங்களைச் சேர்க்காமல், வரவுக்குள் செலவு செய்து ஏறிய ஏற்றம் அது. நம் வீட்டுப் பெண்கள் குடும்பம் நடத்துவதுபோல் கிளப் நடத்தினார்கள்.

2016இல் தென்னமெரிக்கக் கண்டத்துக் கோப்பைப் பந்தயத்தில் அரையிறுதி வரை வந்தார்கள். எதிரி, ஆர்ஜென்டினாவின் ஸான் லொரென்ஸோ. அங்கே போய் ஆடியதில் ஆளுக்கு ஒரு கோல். சாப்பெக்கோவில் கோலே விழவில்லை. கடைசி நிமிஷத்தில் வலைக்கு மிக அருகிலிருந்து வந்த பந்தைக் கோல்காவலர் டனீலோ காலால் தடுத்தார். அதனால்தான் இறுதியாட்டம் கிடைத்தது. அதற்காகத்தான் கொலம்பியாவின் மெடயீன் நகருக்குப் புறப்பட்டார்கள்.

இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் உலகமெல்லாம் உருகுகிறார்கள். "அந்தப் பந்தை அவர் தடுக்காமலிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களே, இதுவல்லவா விதி!" என்கிறார்கள். என் நண்பரும் சொன்னார். அந்தக் கால் செய்ய வேண்டிய வேலையைச் செய்தது ஐயா! எண்ணெய் ஊற்ற வேண்டியது அந்தக் காலின் வேலையல்ல.

ஆம், எண்ணெய்தான் விஷயம். லாமியா என்ற பொலிவியக் கம்பெனியின் வாடகை விமானம். பிரேஸிலிலிருந்தே நேராகக் கொலம்பியா பறக்க பிரேஸில் அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. ஆகவே ஆட்டக்காரர்கள் வேறு விமானத்தில் பொலிவியாவின் ஸாண்ட்டா க்ரூஸ் நகருக்குப் போய், அங்கே இதில் ஏறினார்கள். பயண நேரம் நாலு மணி இருபத்திரண்டு நிமிஷம் என்று பிரயாணத் திட்டத்தில் எழுதியிருந்தது. எண்ணெய் எவ்வளவு நேரத்துக்கு? அதுவும் நாலு மணி இருபத்திரண்டு நிமிஷம்! வேறொரு விமான நிலையத்துக்குப் போக நேர்ந்தால் அதற்கும், அதன் பிறகு சற்று நேரம் வட்டமிடவும் எண்ணெய் இருக்க வேண்டும் என்பது விதி. நண்பரே, நான் சொல்லும் விதி இதுதான். மனிதர் எழுதியது, அச்சிலே இருப்பது. அந்தக் காகிதத்தை வாங்கிய உத்தியோகஸ்தர், தாம் ஆட்சேபித்ததாகப் பின்னால் சொன்னார். ஆட்சேபணை தரையில் நின்றது, விமானம் போய்விட்டது. விமானியே கம்பெனியின் பங்குதாரர். வழியில் இறங்கி எண்ணெய் போட்டால் காசும் நேரமும் யாருடையவை என்று யோசியுங்கள். எண்ணெயை விளிம்பு வரை இழுத்து அந்தக் கம்பெனி ஓட்டியது அது முதல் தடவையுமல்ல. சில வாரங்களுக்கு முன்புதான் மெஸ்ஸி உட்பட ஆர்ஜென்டினாவின் தேசியக் கோஷ்டியே அதன் விமானத்தில் பறந்திருந்தது.

நான்கு என்ஜின்களும் ஒவ்வொன்றாக அணைந்து, ஓடுபாதைக்குச் சுமார் 18 கிலோமீட்டருக்கு முன்னால் விமானம் விழுந்தது. 77 பேரில் ஆறு பேர் மிஞ்சினார்கள். மாண்டவர்களில் 19 பேர் ஆட்டக்காரர்கள். விமானம் தீப்பற்றவில்லை. பற்றுவதற்கு எண்ணெய் இருந்தால்தானே!

மெடயீன் ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டம் நடக்க வேண்டிய நேரத்தில் வெள்ளை உடுத்து, மெழுகுவர்த்தி ஏந்தி மைதானத்தை நிரப்பினார்கள். எதிர்க் கோஷ்டியான அட்லெட்டிகோ நஸியொனால், கோப்பையை மாண்டவர்களுக்கே கொடுங்கள் என்று கேட்டது, கொடுத்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் கும்பிடு போடுகிறேன். ஆனால் அது துக்கத்தின் பங்கு. கணக்கின் பங்கு வேறே இருக்கிறது.

"சரி, குடும்பங்களுக்குப் பணமாவது கொடுத்தார்களா?" என்று கேட்டார் நண்பர், குரலை இறக்கி.

அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றேன். ஒரு காலத்தில் 30 கோடி டாலருக்கு இருந்த இன்ஷ்யூரன்ஸை இரண்டரைக் கோடியாகச் சுருக்கியிருந்தார்கள். அதற்கும் பிரீமியம் பாக்கி, கொலம்பியாவுக்குப் பறப்பது பாலிசியில் சேராது என்று கை விரித்தார்கள். மனிதாபிமான உதவி என்று ஒரு தொகையை நீட்டி, இனி வழக்குப் போடமாட்டோம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். சில விதவைகள் வாங்கிக்கொண்டார்கள்; சிலர் மறுத்துவிட்டு, தேசம் தேசமாக, கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினார்கள். கிளப்பின் மீதே வழக்குத் தொடுத்த குடும்பங்களும் உண்டு. விதியின் மீது வழக்குத் தொடுக்க அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.